ஃப்ளெக்ஸில் மட்டும் ஏன் வெள்ளையாகிறார்கள் நம் குழந்தைகள்?

முகூர்த்த நாளில் மேட்டூருக்குள் ஒரு சுற்று வந்தால் போதும். மண்டபம் இருக்கும் தெருவெல்லாம் ஃப்ளெக்ஸ்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, முதலாம் ஆண்டு பிறந்தநாள். நடுவில் விசேஷத்துக்குரிய குழந்தை. சுற்றிலும் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன்கள். பின்னணியில் 16 கண் மதகு, இல்லையென்றால் சுவிட்சர்லாந்து.

அந்தக் குழந்தையின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குள் போங்கள். மேடையில் இருக்கும் நிஜக் குழந்தை மாநிறமாகவோ நல்ல கறுப்பாகவோ இருக்கும். ஃப்ளெக்ஸில் இருப்பது ரோஸ் பவுடர் கொட்டிய ஒரு முகம். கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். ரெண்டும் ஒரே பிள்ளைதானா என்று ஒரு நொடி சந்தேகம் வரும்.

இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. போட்டோ டிசைன் சென்டரில் அது பழகிப்போன கைவேலை. படத்தைத் திறந்ததும் முதலில் பிரைட்னஸ் ஏறும், அடுத்து முகம் 'ஸ்மூத்' ஆகும், அப்புறம்தான் பெயரும் தேதியும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் இதுதான் கதி. கேட்காமலே செய்து தருவார்கள், செய்யாவிட்டால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் பிள்ளை, தன்னைவிட உயரமான தன் படத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளும்.

ஒரு குழந்தையின் வாழ்க்கையில் அதன் முகம் முதன்முதலாகப் பொது இடத்தில், பெரிதாக, ஊரே பார்க்கும்படி வருவது இந்த ஃப்ளெக்ஸில்தான். அங்கே அந்த முகம் திருத்தப்பட்டிருக்கிறது. 'உன் நிறம் சரியில்லை' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

சினிமா, விளம்பரம், கார்ட்டூன், போன் கேமரா, தெருமுனை ஃப்ளெக்ஸ் எல்லாமே மீடியாதான். ஒரு குழந்தை தன்னைப் பற்றி வைத்திருக்கும் படத்தை இவை எப்படி வரைகின்றன? இந்தக் கேள்வியை உலகத்தில் அதிகம் ஆராய்ந்தது அமெரிக்காவில், அதிலும் கறுப்பினக் குழந்தைகளிடம். அங்கே கிடைத்த பதில்களை நம் ஊருக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் ஒட்டாத இடத்தில்தான் நமக்கான விஷயம் இருக்கிறது.

இரண்டு பொம்மைகள், ஒரு கேள்வி

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940-களில் செய்த சோதனை இது. 3 முதல் 7 வயதுக்குட்பட்ட 253 கறுப்பினக் குழந்தைகள். எல்லாவிதத்திலும் ஒரே மாதிரியான பொம்மைகள், நிறம் மட்டும் வேறு. எந்தப் பொம்மையோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது கெட்டதாகத் தெரிகிறது என்று வரிசையாகக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டன. பாதிக்கும் மேற்பட்டவை கறுப்புப் பொம்மையைத்தான் 'கெட்டதாகத் தெரிகிறது' என்று காட்டின.

கடைசியில்தான் வருகிறது உண்மையான கேள்வி: "இதில் உன்னை மாதிரி இருப்பது எது?" சில குழந்தைகள் அழுதன. சில அறையைவிட்டே ஓடின.

1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, அதன் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது. அதனால்தான் உலகப்புகழ். ஆனால் பலர் சொல்லாமல் விடும் ஒரு விவரம் உண்டு. வெள்ளைப் பொம்மை மீதான ஆசை, தெற்கில் தனிப் பள்ளிகளில் படித்த குழந்தைகளைவிட, வடக்கில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த குழந்தைகளிடம்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தன்னைப் போன்ற முகங்கள் சூழ வளர்வதற்கு ஏதோ ஒரு பலன் இருக்கிறது என்று அது சொல்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளார்க் தம்பதி க்ரேயானும் கொடுத்துப் பார்த்தார்கள். 'உன் நிறத்தை இந்தப் படத்துக்குத் தீட்டு' என்றதும் பல குழந்தைகள் தங்கள் உண்மையான நிறத்தைவிட வெளிறிய நிறத்தைத் தேர்ந்தெடுத்தன.

க்ரேயான் என்றதும் நம் பாக்ஸில் இருந்த 'ஸ்கின் கலர்' ஞாபகம் வரவில்லையா? லேசான ரோஸும் ஆரஞ்சும் கலந்த அந்தக் குச்சி. எங்கள் வகுப்பில் முதலில் தேய்ந்து தீர்ந்துபோவது அதுதான். அம்மா, அப்பா, காந்தி, காவேரித் தாய் என எல்லோருக்கும் அதே கலர். வகுப்பில் இருந்த 40 பேரில் ஒருத்தர் கையும் அந்த நிறத்தில் இல்லை, அது யாருக்கும் உறைக்கவும் இல்லை. அமெரிக்காவின் க்ரேயோலா கம்பெனி தன் 'ஃப்ளெஷ்' நிறத்துக்கு 1962-லேயே 'பீச்' என்று பெயர் மாற்றிவிட்டது. நம் பக்கம், பெங்களூருவில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் 'ஸ்கின்' என்ற அந்தப் பெயரை எதிர்த்து நுகர்வோர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

டிவி பார்த்தால் தன்மதிப்பு குறையுமா?

யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிக்கோல் மார்ட்டின்ஸ், கிறிஸ்டன் ஹாரிசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 7 முதல் 12 வயதுக்குட்பட்ட 396 அமெரிக்கக் குழந்தைகள் இருந்தார்கள். கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆண், பெண் என எல்லோரும். ஒரு வருட இடைவெளியில் பார்த்தபோது, டிவி பார்க்கும் நேரம் கூடக்கூட மூன்று குழுக்களின் தன்மதிப்பு இறங்கியிருந்தது: கறுப்பினச் சிறுமிகள், கறுப்பினச் சிறுவர்கள், வெள்ளைச் சிறுமிகள். ஏறியது ஒரே குழுவுக்கு. வெள்ளைச் சிறுவர்களுக்கு.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் சிக்கலானதல்ல. டிவியில் வெள்ளை ஆணுக்குப் பதவி, பணம், அழகான மனைவி எல்லாம் இருக்கும். கறுப்பின ஆண் ரவுடியாகவோ கோமாளியாகவோ வருவான். பெண்ணுக்கு, எந்த நிறமானாலும், உடம்பு ஒன்றுதான் வேலை. டிவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் வெளியே விளையாடி ஜெயிக்கும் நேரத்தைத் தின்றுவிடுவதும் ஒரு காரணம் என்கிறார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. டிவிதான் குற்றவாளி என்று அடித்துச் சொல்லும் ஆய்வு அல்ல. ஆனாலும் அந்த நான்கு குழுக்களின் வரிசை சும்மா அமைந்துவிடாது.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம்.

2006-ல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 2007-ல் சுட்டி டிவி வந்தது. அதே 2007-ல் ஷங்கர் இயக்கத்தில் ரஜினியின் 'சிவாஜி'. இப்போது இருபதுகளில் இருக்கும் நாங்கள் எல்லாம் இந்த மூன்றும் ஒன்றாக வந்து இறங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள்.

'சிவாஜி'யில் நடப்பதை இன்று யோசித்துப் பாருங்கள். நாயகன் கறுப்பு என்று ஒரு பேச்சு வந்ததும், வெள்ளையாவதற்காக என்னென்னவோ பூசிக்கொள்கிறார். ஒரு பாட்டு முழுக்க ரஜினி வெள்ளைக்காரத் தோலோடு வருகிறார். அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருது கிடைத்தது. சாலமன் பாப்பையா நடித்த பாத்திரத்தின் இரண்டு மகள்கள் கறுப்பாகக் காட்டப்படுவார்கள். அவர்கள் திரைக்கு வந்தாலே சிரிக்க வேண்டும், அதுதான் காமெடி. அவர்களின் பெயர் அங்கவை, சங்கவை. பாரி வள்ளலின் மகள்களாக நாம் கொண்டாடும் பெயர்கள். படம் வந்த பிறகு கறுப்பாக இருக்கும் எந்தச் சிறுமிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் தயாராக இருந்தது. நான் அப்போது நாலாவது. எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்கு அது வருகைப் பதிவேட்டுப் பெயரைவிட அதிகம் புழங்கியது.

ரஜினியே கறுப்புதானே, விஜயகாந்த் கறுப்புதானே, அப்புறம் என்ன என்று ஒரு வாதம் எப்போதும் வரும். பாதி உண்மை. தமிழ் சினிமா கறுப்பு ஆணை ஏற்றுக்கொண்டது, கொண்டாடவும் செய்தது. 2000-ல் வந்த 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் கறுப்பைப் புகழ்ந்து ஒரு முழுப் பாட்டே உண்டு, அது இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. ஆனால் கவனியுங்கள், பாடுவது பெண், புகழப்படுவது முரளி. இப்படிக் கறுப்பான பெண்ணைப் பார்த்து ஹீரோ உருகிய ஹிட் பாட்டு ஒன்றை உடனே சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் கொஞ்சம் திணறுவோம்.

பெண் பக்கம் நடந்தது இன்னும் விநோதம். நாயகி மும்பையிலிருந்து வருவார், குரல் சென்னையிலிருந்து வரும். டப்பிங் கலைஞர் பேசும் சுத்தமான தமிழ், வெள்ளைத் தோலின் வாயிலிருந்து வரும். சேலம் மாவட்டத்தில் ஒரு டீக்கடைக்காரர் மகளாக அவர் நடிப்பார், அவருக்கு அப்பாவாக வருபவர் நம் ஊர் நிறத்தில் இருப்பார், அம்மாவும்தான். மகள் மட்டும் எப்படி அப்படி? யாரும் கேட்கமாட்டார்கள். அதைப் பார்க்கும் சிறுமிக்குக் கிடைக்கும் தகவல் இதுதான்: உன் ஊர், உன் மொழி, உன் பாவாடை தாவணி எல்லாம் சரி. உன் தோல் மட்டும் ஆகாது.

ஒருவேளை கதைக்குக் கறுப்பான பெண் தேவைப்பட்டால்? நிறத்தைப் பூசிக்கொள்ளலாம். 2021-ல் எல்லோரையும் உலுக்கிய 'ஜெய் பீம்' படத்தில்கூட, இருளர் பெண்ணாக அருமையாக நடித்த லிஜோமோள் ஜோஸுக்கு மேக்கப்பில்தான் நிறம் கூட்டப்பட்டது. நிறத்தைக் காரணம் காட்டித் தான் நிராகரிக்கப்பட்ட கதையை 2020-ல் டெட்எக்ஸ் மேடையில் ஐஸ்வர்யா ராஜேஷ் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. அவர் நடித்த 'காக்கா முட்டை' 2015-ல் வந்தது. கறுப்பான இரண்டு சிறுவர்கள்தான் ஹீரோ. அரசு கொடுத்த இலவச டிவியில் வரும் பீட்சா விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவர்களின் ஆசையே தொடங்கும். ஒரு குழந்தையின் தலைக்குள் மீடியா எப்படி நுழைகிறது என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நல்ல உதாரணம் அந்தப் படம். இரு சிறுவர்களுக்கும் தேசிய விருது கிடைத்தது.

பையன்கள் தப்பித்துவிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நம் படங்களில் கறுப்பு ஆணுக்கு ஹீரோ வேடத்துக்கு அடுத்து என்ன இருக்கிறது? அடியாள். வில்லன் வெள்ளையாக இருக்கலாம், அவனுக்குப் பின்னால் அரிவாளோடு ஓடி வருபவர்கள் எல்லோரும் ஒரே நிறம். ஆயிரத்தில் ஒருவன்தான் ரஜினி ஆவான். மீதி 999 பேருக்கு மீடியா காட்டும் கண்ணாடியில் தெரிவது அந்தக் கும்பல்.

(ஒரு சின்ன ஆறுதல்: சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா மாநிறம்தான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு டோரா கட்டிங். ஒரு மாநிறச் சிறுமி மேப் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் யாரும் சேனலை மாற்றவில்லை என்பதற்கு நாங்களே சாட்சி.)

கேமராவுக்கே கண் அப்படித்தான்

மனிதர்கள் பாரபட்சம் பார்ப்பார்கள், கேமரா பார்க்காது என்று நினைப்போம். தப்பு.

கலர் ஃபிலிம் காலத்தில், லேபில் நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். அதற்குப் பெயரே 'ஷர்லி கார்டு'. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பு முகங்கள் விவரமே இல்லாமல் இருட்டடித்துப் போனது பல வருடம் யாருக்கும் பிரச்னையாகத் தெரியவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருளின் பிரவுன் நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடுபிடித்தது. சாக்லேட்டுக்கு நியாயம் கிடைத்தபோது கூடவே மனிதர்களுக்கும் கிடைத்தது.

தமிழில் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. நம்மைக் கலரில் பார்க்கும் வழக்கம் ஒருவகையில் இந்த மண்ணில்தான் தொடங்கியது. அந்தக் காலத்துக் கலர் தொழில்நுட்பத்தின் கண், நம் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

ஃபிலிம் போய் ஏஐ வந்தது. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம்தான் தவறு செய்தன. கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. அதற்கு முந்தைய வருடம், ஃபேஸ்ஆப் செயலியில் 'ஹாட்' என்ற ஃபில்டர் முகத்தை அழகாக்குகிறேன் பேர்வழி என்று தோலை வெளுத்து மாட்டிக்கொண்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

உங்கள் கையில் இருக்கும் போன்? பல மாடல்களில் பெட்டியைப் பிரித்ததுமே செல்ஃபி கேமராவின் பியூட்டி மோட் ஆன் ஆகியிருக்கும். நிறம் ஒரு படி கூடும், மூக்கு ஒரு சுற்றுக் குறையும். கூகுள் மட்டும் 2020-ல் தன் பிக்சல் போன்களில் இதைத் தானாக ஆன் ஆகாதபடி வைப்பதாக அறிவித்தது, 'பியூட்டி' என்ற சொல்லையும் எடுத்தது. நம் ஊர் ஆறு வயசுப் பிள்ளை அம்மாவின் போனில் ஒரு நாளைக்கு இருபது தடவை தன் முகத்தைப் பார்க்கிறது. அந்த இருபதும் திருத்தப்பட்ட முகம். அப்புறம் பாத்ரூம் கண்ணாடியில் தெரிவதுதான் அதற்குத் 'தப்பான' முகமாகத் தோன்றும்.

விளம்பரத்துக்குச் சட்டம் இல்லையா?

இருக்கிறது, அரைகுறையாக. ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது 1975-ல். கறுப்பான மகள், மகன் இல்லையே என்று புலம்பும் அப்பா, க்ரீம் பூசியதும் ஏர்ஹோஸ்டஸ் வேலை என்று ஒரு விளம்பரம். ஜனநாயக மாதர் சங்கம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை கொண்டுபோய்ப் போராடி, 2003-ல் அது நிறுத்தப்பட்டது. கறுப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாக, சோகமாக, பின்தங்கியவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2014-ல் விதி போட்டது. 2020 பிப்ரவரியில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட சட்டத்திருத்த வரைவில் சிவப்பழகு விளம்பரத்துக்கு முதல் தடவை 2 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று எழுதியிருந்தார்கள். அதே ஆண்டு ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமே கொந்தளிக்க, ஜூன் கடைசியில் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்து, ஜூலையில் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது.

சொல் போனது, சரக்கு போகவில்லை. இப்போது 'பிரைட்டனிங்', 'டீ-டேன்', 'கிளாஸ் ஸ்கின்', 'குளுட்டாதயோன்'. டிவிக்குத்தான் இந்த விதி எல்லாம் ஞாபகம் வரும், ரீல்ஸில் யார் பார்க்கிறார்கள்?

இது வெறும் மனக்கஷ்டத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். இத்தகைய க்ரீம்களில் கலக்கப்படும் பாதரசம்தான் சந்தேகத்துக்குரிய காரணம்.

அமெரிக்காவில் இருந்து வரும் ஆச்சரியம்

இவ்வளவையும் படித்தால் கறுப்பின அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோரும் தாழ்வு மனப்பான்மையில் முடங்கிக் கிடப்பார்கள் என்றுதான் தோன்றும். தரவு வேறு சொல்கிறது. 2000-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஐந்து லட்சம் பேருக்கு மேல் அடங்கிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரியில் கறுப்பின இளையோரின் தன்மதிப்பு வெள்ளையர்களைவிடக் குறைவாக இல்லை, கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

எப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் முக்கியமானது வீடு. டிவி ஒன்று சொல்கிறது. வீட்டுக்கு வந்தால் அம்மாவும் பாட்டியும் சர்ச்சில் இருக்கும் அத்தைகளும் வேறொன்று சொல்கிறார்கள். 1960-களின் 'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் அந்த வேறொன்றுக்கு ஒரு மொழி கொடுத்தது. 'டிவியில் நம்மைப் பற்றிக் காட்டுவது பொய்' என்று குழந்தைக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுப்பது அங்கே வளர்ப்பின் ஒரு பகுதி. அந்த வீடுகளிலும் நிறபேதம் உண்டு. ஒருகாலத்தில் பழுப்புக் காகிதப் பையைவிடக் கறுப்பாக இருந்தால் உள்ளே விடாத கறுப்பினர் சங்கங்களே இருந்தன. ஆனாலும் டிவியோடு சண்டை போட வீட்டில் ஒரு ஆளாவது இருந்தார்.

நம் வீட்டில் அந்த ஆள் யார்?

இங்கேதான் அமெரிக்க ஆய்வு நமக்கு ஒட்டாமல் போகிறது. நிற ஆசையை நம் ஊரில் டிவி கண்டுபிடிக்கவில்லை. சாதி, பெண் பார்க்கும் சடங்கு, வெள்ளைக்காரன் ஆட்சி என்று அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. மீடியா அதற்கு ஒலிபெருக்கி வைத்தது. திரை சொல்வதையேதான் அம்மா சொல்கிறாள், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாள், பிரசவ வார்டுக்குப் பார்க்க வந்த பெரியம்மா முதல் வார்த்தையாகச் சொல்கிறாள்: "பொண்ணு என்ன கலரு?" கர்ப்பத்தில் குங்குமப்பூ. அணைப் பக்கம் விளையாடப் போனால் "வெயில்ல சுத்தாத, கறுத்துப்போயிடுவ." அதையும் மகளிடம்தான் சொல்வோம், மகனிடம் அவ்வளவு சொல்வதில்லை.

திட்டினால்கூடப் பரவாயில்லை. நாம் ஆறுதல் சொல்லும் லட்சணத்தைப் பாருங்கள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இந்த வாக்கியத்தில் விஷம் 'கறுப்பு' என்ற சொல்லில் இல்லை, 'இருந்தாலும்' என்பதில் இருக்கிறது. "நிறமா முக்கியம், குணம்தான் முக்கியம்" என்பதும் அதே ஜாதி. அழகில் நீ தோற்றுவிட்டாய், குணத்திலாவது பாஸாகு என்று பிள்ளைக்குக் கேட்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது தாய்ப்பாசத்துக்கு நாம் சொல்லும் உச்சபட்சப் பழமொழி. அதில்கூட, கறுப்புக் குஞ்சைக் கொஞ்ச வேண்டுமென்றால் அதற்குப் பொன் பூசியாக வேண்டியிருக்கிறது.

கறுப்பண்ணசாமிக்குக் கிடா வெட்டுகிறோம், கறுப்புச் சட்டை போட்டு அரசியல் செய்கிறோம், ரஜினியின் 'காலா'வுக்கு முதல் நாள் முதல் ஷோ விசில் அடிக்கிறோம். இவ்வளவு கறுப்பும் கோயில், மேடை, தியேட்டரோடு நின்றுவிடுகிறது. வீட்டுப் படியேறி ஒரு சிறுமியின் காதில் விழுவதில்லை.

நாலு வயதில் ஒரு கேள்வி

2025 மார்ச்சில் கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் ஒரு ஃபேஸ்புக் பதிவு போட்டார். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவருடைய கணவர் வேணு. இருவரின் பணிக்காலத்தையும் ஒப்பிட்டு, அவருடையது வெள்ளை, இவருடையது கறுப்பு என்று யாரோ ஒருவர் சொன்ன கமென்ட்தான் அதற்குக் காரணம். ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த அதிகாரி, ஓய்வு பெற சில வாரங்களே இருந்த நேரம், அப்போதும் நிறம்.

அதில் அவர் நினைவுகூர்ந்த ஒரு விஷயம் பலரைத் தூங்கவிடவில்லை. நாலு வயதில் தன் அம்மாவிடம் கேட்டாராம், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து, வெள்ளையாக, அழகாக வெளியே எடுக்க முடியுமா என்று. அது அவர் வீட்டில் டிவி இருந்திருக்கக்கூடிய காலமே அல்ல. தன் நிறம் போதாது என்ற எண்ணத்துக்குக் கீழே 50 வருடம் புதைந்து வாழ்ந்ததாக எழுதினார். அதை மாற்றியது எந்தப் பதவியும் இல்லை, அவருடைய பிள்ளைகள். அம்மா எதை அசிங்கம் என்று நினைத்தாரோ அதில் அவர்கள் அழகைப் பார்த்தார்கள், தங்கள் கறுப்பைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் நடந்த இன்னொன்றும் இதோடு சேரும். 2015 கடைசியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பாக்ஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பின மாணவி, உடன் படித்த இலங்கைப் பூர்வீகச் சகோதரிகள் மிருஷா, யனுஷா யோகராஜா இருவரையும் வைத்து ஒரு புகைப்படத் தொடர் எடுத்தார். தலைப்பு 'அன்ஃபேர் அண்ட் லவ்லி'. அடுத்த மார்ச்சில் அது ஹேஷ்டேக்காக உலகம் சுற்ற, தெற்காசியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் நிறத்தை அப்படியே காட்டும் படங்களைப் பதிவிட்டார்கள். கறுப்பினச் சமூகத்தில் வளர்ந்த ஒரு பெண், தன் கேமரா வழியாக நம் நிறப் பெண்களை நமக்கே காட்ட வேண்டியிருந்தது.

நம் பக்கமும் சில ஆட்கள் உண்டு. சென்னையில் 2009-ல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரம் பள்ளிக்கூடங்களுக்கே போய் விளம்பரங்களை எப்படிப் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. பெரிய தொகைக்கு வந்த சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்தது பற்றி 2019-ல் சாய் பல்லவி பேசியபோது, கொள்கை முழக்கம் எதுவும் செய்யவில்லை. தன்னைவிட நிறம் குறைவு என்று தங்கைக்கு இருந்த ஏக்கத்தைத்தான் சொன்னார். வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தவருக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை.

அக்கா பிள்ளைக்கோ அண்ணன் பிள்ளைக்கோ இந்த வருடம் காதுகுத்து இருந்தால், போட்டோ கொடுக்கப்போவது பெரும்பாலும் இதைப் படிக்கும் உங்கள் வயதுக்காரர்தான். டிசைனரிடம் "முகத்துல பிரைட்னஸ் ஏத்தாதீங்கண்ணா" என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு அப்படியே பிரின்ட் போட்டுத் தருவார். பெரியம்மாவிடம் விளக்கம் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.